பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். சுவரில் மாட்டியது ஆடுகிறது, ஸ்க்ரூ முறுக்கினால் சும்மா சுற்றுகிறது, பிராக்கெட் பிளக்கோடு (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகுகிற பிளாஸ்டிக் குழாய், கரண்ட் பிளக் இல்லை) கையில் வந்துவிட்டது. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். இருபத்தாறு வருஷம் ஹார்டுவேர் கடையில் நின்று இந்தச் சாமான்களை விற்றவன், விற்ற சாமான் ஏன் நிற்கவில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கேள்வி: ஹாலில் ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பியின் பிராக்கெட் நாலு மாதத்துக்கு ஒரு முறை பிடுங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு தடவை ஆள் கூப்பிட்டு, வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்து மறுபடி மாட்டியாயிற்று. இப்போது துளை விரல் நுழைகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. பெரிய ஸ்க்ரூ போட்டால் நிற்குமா? – வாசகி, தஞ்சாவூர்

நிற்காது அம்மா. நின்றாலும் அடுத்த பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யத் திரையை இழுக்கும்போது வந்துவிடும்.

சுவரில் பாரத்தைத் தாங்குவது ஸ்க்ரூ இல்லை. ஸ்க்ரூ உள்ளே போகும்போது பிளக் விரிந்து துளையின் பக்கவாட்டை நெருக்குகிறது பாருங்கள், அந்த நெருக்கம்தான் தாங்குகிறது. பிளக் சுற்ற ஆரம்பித்துவிட்டால் நெருக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் நீங்கள் முறுக்குகிற ஒவ்வொரு முறுக்கும் துளையை உள்ளே அரைத்து இன்னும் அகலமாக்குகிறது. அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்க்ரூவை நாலு சுற்று மட்டும் பிளக்கில் ஏற்றி, குறடால் தலையைப் பிடித்து நேராக இழுங்கள், பிளக்கோடு வரும். அதை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சுவரில் என்ன தப்பு நடந்தது என்பது முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும்.

பிளக் முழுசாக, வழவழவென்று, விரியாமல் வந்திருந்தால் துளை பெரிது அல்லது ஸ்க்ரூ சன்னம். பிளக்கின் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தால் உள்ளே ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிளக்கோடு சாம்பல் நிற மணல்தூள் மட்டும் வந்து, செங்கல் சிவப்பு ஒரு துளிகூட இல்லை என்றால் அந்தப் பிளக் பூச்சைத் தாண்டவே இல்லை. நம் வீடுகளில் உள்சுவர்ப் பூச்சு பெரும்பாலும் 12 மி.மீ., சில இடங்களில் 15, 20 வரை போகும். 30 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே உட்கார்ந்துகொண்டால் செங்கல்லில் பிடிக்க மீதி என்ன இருக்கிறது?

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வேறு. ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். ஜன்னலின் இரண்டு பக்கமும் அரை அடி வரை அது நீண்டிருக்கும். சின்ன ட்ரில் மெஷினோடு வருகிற ஆள் அங்கே துளை போட்டால் ஒரு இன்ச்கூடப் போகாது, பிட் நீலமாகிப் புகையும். அப்புறம் என்ன செய்வார்கள் தெரியுமா? பிளக்கைப் பாதியில் அறுத்துவிட்டு, குட்டை ஸ்க்ரூவைப் போட்டு, மேலே வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். உங்கள் வீட்டில் பிடுங்கிய பிளக்கின் நுனி பிளேடால் வெட்டியதுபோல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இதுதான் கதை.

அதற்கு வழி, கான்கிரீட்டுக்கென்று இருக்கிற ரோட்டரி ஹேமர் மெஷின். பெரிய ஹார்டுவேர் கடைகளிலும் வாடகைக் கடைகளிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கும், அல்லது அது வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 8 மி.மீ. பிட், 8-க்கு 40 பிளக் (தடிமன் 8, நீளம் 40 மி.மீ.), துளையின் ஆழம் 50 மி.மீ. பிட்டில் 50-வது மில்லிமீட்டரில் ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் அளவு தவறாது. துளை பிளக்கைவிட ஒரு சென்டிமீட்டர் ஆழமாக இருக்க வேண்டும், தூள் போய்த் தங்க இடம் வேண்டுமே. நடுவில் கம்பி தட்டினால் பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஒரு இன்ச் தள்ளிப் போடுங்கள்.

பழைய பெரிய துளையை என்ன செய்வது? உள்ளே இருக்கிற உதிரித் தூளையும் பழைய வெள்ளை சிமெண்டையும் சுரண்டி எடுத்து, பழைய டூத் பிரஷ் விட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். அப்புறம் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஒரு பங்கு சிமெண்ட் மூன்று பங்கு சலித்த மணல் கலவையைக் குச்சியால் குத்திக் குத்தி உள்ளே இறுக்குங்கள். வெள்ளை சிமெண்டை மட்டும் குழைத்து அப்பினால் காயும்போது சுருங்கி, ஓரத்தில் மயிரிழை விட்டுக்கொண்டு, ஒரு மூடி மாதிரி தனியாக நிற்கும். அதனால்தான் உங்களுக்கு இரண்டு முறையும் கழன்றது. அடைத்த இடத்தில் மூன்று நாளைக்காவது காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். முடிந்தால் அந்த அடைப்பில் மறுபடி துளை போடாமல் இரண்டு இன்ச் தள்ளி நல்ல இடத்தில் போடுங்கள்.

தள்ள இடமில்லை என்றால் இன்னொன்று செய்யலாம், எனக்குப் பிடித்தது இதுதான். ஜன்னல் அகலத்துக்கு, இரண்டு பக்கமும் அரை அடி கூடுதலாக, மூன்று இன்ச் உயரத்தில் ஒரு மரப் பட்டியை நாலைந்து இடத்தில் நன்றாகச் சுவரில் ஏற்றி, சுவர் நிறமே அடித்துவிட்டு, பிராக்கெட்டை அந்த மரத்தில் ஸ்க்ரூ போடுங்கள். இழுப்பு ஒரு துளையில் விழாமல் ஐந்து துளைக்குப் பகிர்ந்துவிடும்.

கேள்வி: லூசான துளையில் தீக்குச்சி, ஈர்க்குச்சி செருகி ஸ்க்ரூ முறுக்கினால் இறுகிவிடும் என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் நிற்கிறது. சரியா? – வாசகர், விருதுநகர்

மரத்துக்குச் சரி, சுவருக்குச் சரியில்லை. கதவுக் கீல் ஸ்க்ரூ லூசானால் மருந்து நுனியை உடைத்துவிட்ட தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து நெருக்கமாகச் செருகி, ஒரு ராத்திரி விட்டு, மட்டமாக நறுக்கிவிட்டு ஸ்க்ரூ போடுங்கள், பல வருஷம் வரும். பசை இல்லாமல் வெறும் குச்சி என்றால் சில மாதம்தான்.

சுவரில் குச்சி ஒரு காலண்டரைத் தாங்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும், அப்போது விழும். கரையான் வேறு.

அப்பா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் கடையில் 'ராயல் பிளக்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது ராயல் இல்லை, ரால்பிளக். 1910-களில் இங்கிலாந்தில் ராலிங்ஸ் என்பவர், பழைய கட்டடச் சுவர்களைக் கொத்தாமல் மின்சாதனம் மாட்ட வழி தேடிக் கண்டுபிடித்தது. அவர் முதலில் செய்ததும் பிளாஸ்டிக்கில் இல்லை, சணல் நாரை இறுக்கிச் செய்த குழாய்தான். இப்போது நாம் வாங்குகிற பற்கள் வைத்த பிளாஸ்டிக் பிளக் 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தது. நாரோ குச்சியோ நைலானோ, தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. குச்சிக்கு ஈரத்தையும் கரையானையும் தாங்கும் ஆயுள் இல்லை, அவ்வளவுதான். பத்து ரூபாய்க்குள் வேலை முடிகிற இடத்தில் குச்சி எதற்கு? ஒன்று மட்டும், கழிவுப் பிளாஸ்டிக்கில் செய்த மொறமொறப்பான பிளக்கை வாங்காதீர்கள். நகத்தால் வளைத்துப் பாருங்கள், நைலான் வளைந்து திரும்பும், மட்டமானது வெளுத்து உடையும்.

கேள்வி: புது அபார்ட்மெண்ட். 43 இன்ச் டிவியை வெளியே இழுத்துத் திருப்புகிற மாதிரி ஸ்டாண்டில் மாட்டினோம். ஒரு வருஷத்துக்குள் மேல் பக்கம் சுவரைவிட்டு ஒரு விரற்கடை விலகி நிற்கிறது. துளை போட்டபோது மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. – வாசகர், சென்னை

முதலில் டிவியை இறக்கி மேஜையில் வையுங்கள். இன்றைக்கே.

வெள்ளைத் தூள் என்று சொன்னீர்களே, அது நல்ல துப்பு. சிவப்புத் தூள் வந்தால் செங்கல், அழுத்தமான சாம்பல் தூள் கொஞ்சமாக வந்து மெஷின் திணறினால் கான்கிரீட், பிட் வெண்ணெயில் போவதுபோல் போய் வெள்ளை மாவாகக் கொட்டினால் ஏஏசி பிளாக். இப்போதைய அடுக்குமாடிகளில் நிறைய இதுதான். கல் எடை குறைவு, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. செங்கல்லில் பழகிய ஆள் இதில் ஹேமர் மோடில், அதாவது சுற்றும்போதே இடிக்கிற மோடில், துளை போட்டால் 10 மி.மீ. துளை உள்ளே 13, 14 ஆகிவிடும், வெளியே வட்டம் அழகாகத் தெரியும். அப்புறம் இரும்பு ஆங்கர் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் அது விரிந்து சுற்றியுள்ள குமிழிகளை நொறுக்கிவிட்டுத் தன் பாட்டுக்குக் காற்றில் நிற்கும்.

டிவியின் எடை பெரிய விஷயமே இல்லை, எட்டு பத்து கிலோதான் இருக்கும். அதை ஒன்றரை அடி வெளியே இழுத்துப் பார்க்கிறீர்களே, அப்போது ஸ்டாண்டின் கீழ் விளிம்பு சுவரில் முட்டுக் கொடுத்து, மேல் ஸ்க்ரூக்களை நெம்புகோல் போல வெளியே இழுக்கிறது. ஸ்டாண்டின் தட்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகம் இழுக்கும். மேல்பக்கம் மட்டும் விலகியதன் காரணம் அதுதான்.

ஏஏசி சுவருக்கென்றே நீளமான நைலான் பிளக் இருக்கிறது, பெரிய கடைகளில் கேட்டு வாங்குங்கள். துளையை ஹேமர் இல்லாமல் வெறும் சுற்று மோடில் போட வேண்டும். அதைவிட நான் சொல்வது, 18 மி.மீ. பிளைவுட்டில் டிவி அளவுக்குக் கொஞ்சம் சின்னதாக ஒரு பலகை வெட்டி, அதை எட்டு பத்து இடத்தில் இந்தப் பிளக்குகளால் சுவரில் ஏற்றி, ஸ்டாண்டைப் பலகையில் போல்ட் போட்டுவிடுங்கள். பின்பக்க அறை உங்களுடையதாகவே இருந்தால், சுவரை ஊடுருவி நீள போல்ட் விட்டு அந்தப் பக்கம் ஒரு இரும்புத் தகடு கொடுத்து நட் முடுக்கிவிடலாம், அதுக்கு மிஞ்சி எதுவும் இல்லை. ஒயரிங் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பைப் போகும், அந்தக் கோட்டில் கை வைக்கவே கூடாது. எம்சிபியை (மெயின் போர்டில் கரண்டை நிறுத்துகிற சுவிட்சை) இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: எங்களுடையது எண்பது தொண்ணூறு வருஷத்து வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். பூஜை அலமாரி மாட்ட எங்கே துளை போட்டாலும் பொலபொலவென்று கொட்டுகிறது. – வாசகி, தேவகோட்டை

அந்தக் காலத்துச் சுவரில் பூச்சே ஒரு இன்ச்சுக்கு மேல் இருக்கும், உள்ளே சின்னச் செங்கல், இடையில் சுண்ணாம்போ மண்ணோ வைத்துக் கட்டியது. சுவர் பலவீனம் என்று நினைக்காதீர்கள், பாரத்தை மேலிருந்து கீழே தாங்க அதைப்போல ஒன்று இல்லை. வெளியே பிடித்து இழுக்கிற இழுப்புக்குத்தான் அது பழகவில்லை. ஹேமர் மோடே வேண்டாம். மெதுவாகச் சுற்றி, செங்கல் தட்டுகிறதா இணைப்புக் காரை தட்டுகிறதா என்று பார்த்து, செங்கல்லின் நடுவில் 10-க்கு 100 நீளப் பிளக் போடுங்கள்.

பழைய தச்சர்கள் இதற்கு ஒரு வேலை செய்வார்கள். சுவரில் ஒரு சதுரக் குழி எடுப்பார்கள், வாய் குறுகலாக, உள்ளே போகப் போக அகலமாக. அதே போல் பின்பக்கம் அகலமாகச் செதுக்கிய தேக்குக் கட்டையைச் சாய்த்து உள்ளே விட்டு, நிமிர்த்தி, சுற்றிலும் சுண்ணாம்புக் கலவையும் ஓட்டுச் சில்லும் வைத்து இறுக்குவார்கள். இறுகிய பிறகு அந்தக் கட்டை முன்பக்கமாக வரவே வராது, வாயைவிட உடம்பு பெரிது. அது தெரிந்த ஆள் உங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். கட்டைக்குக் கரையான் எண்ணெய் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு ஏற்றுகிற அலமாரி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், முழு எடையையும் சுவரில் தொங்கவிடாமல் கீழே இரண்டு மரத்தாங்கல் கொடுத்துத் தரைக்கு இறக்கிவிட்டால் சுவருக்கு வேலை பாதியாகிவிடும்.

கேள்வி: பாத்ரூம் கீசர் லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. போல்ட்டை முடுக்கினால் போதுமா? – வாசகர், கோயம்புத்தூர்

போதாது. தண்ணீர் மட்டுமே 25 லிட்டர் கீசரில் 25 கிலோ, கூட இரும்பின் எடை. சுவிட்சை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, அதன் கீழே நின்று குளிப்பதை நிறுத்துங்கள். போல்ட் விலகிய பிறகு எடையைப் பைப் இணைப்புதான் தாங்கிக்கொண்டிருக்கும், அது விட்டால் எல்லாம் சேர்ந்து வரும். தண்ணீரை வடித்து இறக்கிவிட்டுத் துளையைப் பாருங்கள். நாலரை இன்ச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட்டை ரொம்ப முடுக்கி, செங்கல்லே வெடித்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் மறைத்துக்கொண்டிருப்பதால் வெளியே தெரியாது. இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், பிளம்பரை வைத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துச் செய்கிற வேலை. வெடித்த செங்கல் என்றால் இடத்தை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. டாய்லெட் பக்கத்தில் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கைப்பிடி போட்டுக் கொடுத்தோம். ஒரு பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது. ஆள் வந்து சரிசெய்கிற வரைக்கும் டபுள் டேப் ஒட்டிச் சமாளிக்கலாமா? – வாசகி, திருச்சி

அம்மா, தயவுசெய்து அந்தக் கைப்பிடியை இன்றைக்கே கழற்றி எடுத்துவிடுங்கள். ஆடுகிற கைப்பிடி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது பத்திரம். இல்லை என்று தெரிந்தால் அவர் உங்களைக் கூப்பிடுவார், அல்லது சுவரில் கை ஊன்றி மெதுவாக எழுவார். இருக்கிறது என்று நம்பி முழு உடம்பையும் அதில் போட்டு எழும்போது அது விட்டால், பிடிக்க வேறு எதுவும் இருக்காது. டேப்பும் வேண்டாம், டைல்ஸில் ஒட்டுகிற உறிஞ்சுக் கைப்பிடியும் வேண்டாம். என் அம்மாவுக்கு நான் இதே தப்பைச் செய்தேன். டவல் ராடு பலமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன், ஒரு நாள் விடியற்காலை அது கையோடு வந்தது. மணிக்கட்டோடு போயிற்று. டவல் ராடு துணிக்குச் செய்தது, ஆளுக்கு இல்லை.

கழற்றியதும் துளையைப் பாருங்கள். பாத்ரூமில் டைல்ஸ், அதன் பின்னால் ஒட்டிய கலவை, அதன் பின்னால் பூச்சு, மூன்றும் சேர்ந்து ஒன்றரை இன்ச் வரை போய்விடும். வெளியில் போட்ட அதே 40 மி.மீ. பிளக்கை இங்கேயும் போட்டிருந்தால் அது செங்கல்லில் பிடித்திருக்கவே இருக்காது. ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழம் பாருங்கள், டார்ச் அடித்துச் சிவப்பு தெரிகிறதா பாருங்கள். இன்னொன்று, டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சட்டி தட்டுவதுபோல் வெற்று ஓசை வந்தால் பின்னால் கலவை இல்லாமல் காலியாக இருக்கிறது, அந்த டைல்ஸில் எதையும் மாட்டக் கூடாது.

புதுத் துளை டைல்ஸின் ஓரத்திலிருந்து இரண்டு இன்ச்சாவது உள்ளே இருக்கட்டும். மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறி போட்டால் பிட் வழுக்காது. டைல்ஸைத் தாண்டும் வரைக்கும் ஹேமர் மோட் கூடாது, ஈட்டி முனை பிட்டால் மெதுவாக. தாண்டிய பிறகு செங்கல்லுக்குள் முழுசாக இரண்டரை, மூன்று இன்ச் போக வேண்டும். நாலரை இன்ச் சுவர் என்றால் அந்தப் பக்கம் ஓட்டை விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குச் சாதாரணப் பிளக்கைவிடக் கெமிக்கல் ஆங்கர் நல்லது: துளையை நன்றாகப் பிரஷ் விட்டுத் தூளெடுத்து, ட்யூபில் வருகிற பிசினை உள்ளே நிரப்பி, எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) திரெட் கம்பியைத் திருகி விட்டுவிடுவது. அது விரிந்து நெருக்குவதில்லை, செங்கல்லோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் செங்கல் வெடிக்காது. தூள் மிச்சமிருந்தால் தூளோடுதான் ஒட்டும், அதனால் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. உள்ளே காலியாக இருக்கிற ஹாலோ பிளாக் என்றால் வலைக்குழாய் போட்டுத்தான் பிசின் விட வேண்டும். எத்தனை மணி நேரம் தொடக் கூடாது என்று ட்யூபிலேயே போட்டிருக்கும், நான் அதற்கு மேல் ஒரு நாள் விடுவேன். ஸ்க்ரூ, நட் எல்லாம் எஸ்எஸ் ஆகவே இருக்கட்டும். சாதா இரும்பு பாத்ரூம் ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு உப்பி டைல்ஸையே பிளந்துவிடும். துளை போடுகிற உயரத்தில் தண்ணீர்ப் பைப் போகிறதா என்று பிளம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தை உங்களுக்கு வசதியாக வைக்காதீர்கள். அவரை அங்கே உட்கார வைத்து, இயல்பாக எழச் சொல்லி, கை எங்கே போய் ஊன்றுகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். ஆட்கள் வந்து மாட்டும்போது சுவர் அழகுக்காக அதை மாற்றுவார்கள், விடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முதலில் அவரைப் பிடிக்கச் சொல்ல வேண்டாம். வீட்டில் யார் கனமோ அவர், இரண்டு காலும் தரையில் இருக்க, முதலில் பாதி எடை, அப்புறம் முழு எடை போட்டுக் கீழேயும் வெளியேயும் இழுத்துப் பார்க்கட்டும். கைப்பிடியின் அடித்தட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மறுபடி கழற்றுங்கள். நுழையவில்லை என்றால் மாதம் ஒரு முறை, பாத்ரூம் கழுவுகிற அன்று, அதே கார்டை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.